முரணில் மலர்ந்த நட்பு

செய்யுட்கு அழகு செய்யும் தொடைகளுள் முரணும் ஒன்று. சொல்லேனும் பொருளேனும் தம்முள் மாறுபட்டு நிற்பத் தொடுப்பது அஃது. மாறுபட்டவை பிரிந்து நிற்றலன்றோ இயல்பு? அவை தொடையாதல் எங்ஙனம் என்று யாம் ஐயுற்றதுண்டு. அவ்வையம் நீக்கியது இலக்கண நூலன்று; 1971-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'தி பெர்சுவேடர்ஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடராகும்.

24 கதைகள் கொண்ட அத்தொடர்க்குத் தலைவர் இருவர். பிரெட் சின்க்ளேர் ஆங்கிலப் பிரபு. முன்னோர் வைத்த செல்வத்தில் வளர்ந்தவன். டானி வைல்டோ நியூயார்க்கு நகரில் ஏழையர் வாழும் பகுதியிற் பிறந்து, எண்ணெய் வாணிகத்தால் தானே பொருளீட்டியவன். முன்னவன் நிதானமானவன், பின்னவன் வாய் ஓயாதவன். இருவர் வாழ்வையும் தொடக்கக் காட்சியே அருகருகே நிறுத்தி, உரையாடல் ஒன்றுமின்றி, ஜான் பாரியின் இசையோடு உணர்த்திவிடுகின்றது. முரண் தொடைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

பிரான்சு நாட்டின் தென்கடற்கரையில் முதன்முறை சந்தித்த இவர்கள், ஒரு பானத்தில் இடத்தகும் ஒலிவக் காய் ஒன்றோ இரண்டோ என வாதிட்டுக் கைகலந்தனர்! ஓய்வுபெற்ற நீதிபதி ஃபுல்டன் என்பார், சிறையைக் காட்டி அச்சுறுத்தி, சட்டத்திற்குத் தப்பிய தீயோரைத் தேடும் பணியில் இருவரையும் பிணித்தார். அதன் பின்னரும் ஏளனப் பேச்சு ஒழிந்திலது. ஆயினும் ஒருவனுக்கு இடர் வந்துழி மற்றவன் கைவிட்டான் அல்லன்.

ஈண்டு நடிகர் வரலாறும் நினைக்கத்தக்கது. பிரபுவாக நடித்த ரோஜர் மூர், இலண்டன் மாநகரில் ஒரு காவலர்க்கு மகனாகப் பிறந்தவர். டானியாக நடித்த டோனி கர்ட்டிஸ், ஹங்கேரியிலிருந்து குடியேறிய தையற்காரர் ஒருவரின் மகன். டானியைப் போலவே பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்தவர். எனவே, கதையில் ஒருவன் உயர்குடியினன், மற்றவன் எளியவன் என நாம் கண்ட வேற்றுமை உடையளவிலேயே நின்றொழிந்தது!

அமெரிக்காவில் இத்தொடர் போதிய வரவேற்புப் பெறாமல் இடையே நிறுத்தப்பட்டது. செருமனியிலோ, ரைனர் பிராண்ட் என்பார் மூலத்தில் இல்லாத நகைமொழிகளையும் சேர்த்து மொழிபெயர்க்க, மக்கள் பெரிதும் விரும்பினர். இரண்டாந் தொகுதி வெளிவரவில்லை; மூர் 1973-இல் ஜேம்ஸ் பாண்டாகத் திரையில் தோன்றினார்.

எம்மோடு ஒத்த குடியும் ஒத்த கருத்தும் உடையாரையே யாம் நண்பராகத் தேடி வந்தேம். அது பிழையென இவ்விளையாட்டுக் கதை காட்டிற்று. நண்பர்காள்! நம்மினின்றும் வேறுபட்டாரோடு வாதிடுவோம். வாதம் முடிந்தபின் அவரை விட்டு அகலாதிருப்போமாக.