விசிறிச் சிப்பி சொல்லும் கணக்கு

ஒன்பதாம் வகுப்பில் விலங்குலகம் பாடம் நடத்தும்போது, மெல்லுடலிகள் தொகுதிக்கு நத்தை, கணவாய், சிப்பி என்று எடுத்துக்காட்டுகளைச் சொல்லிவிட்டு அடுத்த தொகுதிக்குப் போய்விடுவதே என் வழக்கம். இந்த ஆண்டு கரும்பலகையில் ஷெல் பெட்ரோல் பங்கின் சின்னத்தை வரைந்து, "இது என்ன?" என்று கேட்டேன். "பெட்ரோல் பங்க்" என்றது வகுப்பு. "விசிறி" என்றாள் ஒருத்தி. அது ஓர் உயிரினத்தின் ஓடு என்றதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஆங்கிலத்தில் ஸ்காலப் எனப்படும் இந்தச் சிப்பியை, அதன் வடிவத்தை வைத்து விசிறிச் சிப்பி என்றே வகுப்பில் அழைத்தோம். நம் மீன் சந்தைகளில் இது அரிது. ஆனாலும், கடல் வளத்தை எப்படிக் காப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

உயிரினத்தை அறிதல்

பெரும்பாலான சிப்பிகள் பாறையில் ஒட்டியோ மணலில் புதைந்தோ வாழும். விசிறிச் சிப்பிகளில் பல இனங்கள் நீந்தும். இரண்டு ஓடுகளையும் கைதட்டுவதுபோல் மூடித் திறந்து, நீரைப் பீய்ச்சி முன்னே பாயும். ஓட்டின் விளிம்பில் சிறு மணிகள்போலக் கண்கள் வரிசையாக இருக்கும். சில இனங்களில் 200 வரை. நம் கண்ணில் ஒளியைக் குவிப்பது முக்கியமாகக் கருவிழிப்படலமும் வில்லையும். இதன் கண்ணிலோ, பின்புறம் உள்ள குவானைன் படிகங்களாலான ஆடிதான் ஒளியைக் குவிக்கிறது. குவியாடி, குழியாடி பாடத்தோடு இதை இணைத்து நடத்தலாம்.

உணவாகப் பெரும்பாலும் உண்ணப்படுவது, ஓடுகளை மூடும் தடித்த வெண்ணிறத் தசை. கடல்நீரை வடிகட்டித் தாவர மிதவை உயிரிகளை உண்பதால், இதை வளர்ப்போர் தீவனம் போட வேண்டியதில்லை. மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல, ஓட்டின் மேலுள்ள வளர்ச்சிக் கோடுகளைக் கொண்டு வயதையும் கணிக்கலாம்.

காத்திருந்த கடல்

அமெரிக்காவின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் ஜார்ஜஸ் பேங்க் என்னும் கடலடி மேடு உள்ளது. காட் போன்ற மீன்கள் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுக் குறைந்துபோனதால், 1994 டிசம்பரில் அங்கும் அருகிலுமாக சுமார் 17,000 சதுர கிலோமீட்டர் பரப்பு மூடப்பட்டது. மீன்களைக் காக்கத்தான் மூடினார்கள். ஆனால் முதலில் பெருகியது விசிறிச் சிப்பி. 1998இல் மூடிய பகுதிகளில் அதன் மொத்த எடை 14 மடங்காகியிருந்தது.

காரணம் எளிது. அங்கு வாழும் இனம் இரண்டு வயதில் முதிர்ச்சி அடைந்தாலும், நான்கு வயதுக்குப் பிறகே மிகுதியாக முட்டையிடும். மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் அதன் தசையின் எடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். முன்பு அந்த வயதை எட்டுமுன்பே பெரும்பாலானவை பிடிபட்டுவிட்டன.

2004 முதல் அங்கே சுழற்சி முறை வந்தது. இளஞ்சிப்பிகள் மிகுந்த பகுதியை மூடுவார்கள்; அவை வளர்ந்தபின் திறப்பார்கள். கடலடியில் இழுக்கும் இரும்பு வளையப் பையின் வளையங்கள் 4 அங்குலமாக்கப்பட்டன, சிறியவை நழுவிவிடும். படகில் எத்தனை பேர் செல்லலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. ஓட்டைப் பிரித்துத் தசையை எடுப்பது கைவேலை. ஆட்கள் குறைவாக இருந்தால், சிறு சிப்பிகளை உரித்து நேரத்தை வீணாக்க மாட்டார்கள்.

வகுப்பறைச் செயல்பாடு

கரும்பலகையில் இந்தக் கணக்கைக் கொடுத்தேன்: மூன்று வயதுள்ள 100 சிப்பிகள், ஒவ்வொன்றிலும் தசை 10 கிராம். இன்றே பிடித்தால் 1000 கிராம். இரண்டு ஆண்டுகள் விட்டுவைத்தால், ஆண்டுக்கு 10 விழுக்காடு இயற்கையாக இறப்பதாகக் கொள்வோம். மீதி 81, ஒவ்வொன்றிலும் தசை 40 கிராம். மொத்தம் 3240 கிராம்.

மாணவர்கள் வியந்தார்கள். பின்வரிசையில் ஒரு மாணவன் மட்டும் எழுந்தான். அவன் தந்தை விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். "டீச்சர், ரெண்டு வருசம் யாரு சோறு போடுவா? தடைக்காலம் 61 நாளே எங்க வீட்டுல கஷ்டம்" என்றான்.

வகுப்பு அமைதியானது. எனக்கும் உடனே பதில் வரவில்லை. அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, அன்றைய குழு விவாதத்துக்கு அதையே தலைப்பாக்கினேன். முழுக் கடலையும் மூடாமல் பகுதி பகுதியாக மூடினால் வேலை நிற்காது என்றது ஒரு குழு. காத்திருக்கும் நாள்களுக்குத் தரும் நிவாரணம் குடும்பம் நடத்தப் போதுமானதாக இருக்க வேண்டும் என்றது இன்னொரு குழு. காத்திருப்பின் பயன் எல்லோருக்கும், பாரம் மீனவர்க்கு மட்டும் என்பது நியாயமில்லை என்று அந்த மாணவனே முடித்தான். பாடநூலில் இல்லாத இந்த வரியை நான் என் பாடக்குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

வாங்குபவர் கேட்க வேண்டியவை

1. எங்கே, எந்தப் பருவத்தில் பிடித்தது? பிடிப்புக்கு அங்கே வரம்பும் தடைக்காலமும் உண்டா?

2. எப்படிப் பிடித்தது? மூழ்கிக் கையால் எடுத்ததும், கயிற்றில் தொங்கும் வலைக்கூடுகளில் வளர்த்ததும் கடலடிக்குக் குறைந்த தீங்கு செய்யும். இரும்புப் பையோ கடலடியைச் சுரண்டும். இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் 2008இல் சுமார் 200 சதுர கிலோமீட்டர் பரப்பில் அதற்குத் தடை விதித்தபின், கடலடி உயிரினங்கள் மீளத் தொடங்கின.

3. எந்த அளவு? இனப்பெருக்கம் செய்யும் வாய்ப்பு அதற்குக் கிடைத்ததா?

நமக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கேரளத்தின் அஷ்டமுடிக் காயலில் மட்டி எடுப்போர், இனப்பெருக்கக் காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுப்பதில்லை. சிறு மட்டி தப்பும் அளவுக்கு வலைக்கண்ணையும் பெரிதாக வைக்கிறார்கள். 2014இல், நிலைத்த மீன்பிடிப்புக்கான எம்.எஸ்.சி. சான்றை இந்தியாவில் முதலில் பெற்றது இந்தக் காயல்தான்.

மதிப்பீட்டுக்கு

ஆளுக்கொரு மீனையோ சிப்பியையோ தேர்ந்தெடுத்து, சந்தையில் அல்லது வீட்டில் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டு அரைப்பக்கம் எழுதிவரச் சொல்லலாம். கடலோரப் பள்ளி என்றால், பெற்றோர் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். அன்று அவரே ஆசிரியர். நாம் பின்வரிசையில் அமர்ந்து கேட்கலாம்.