மண்ணைத் தோண்டுமுன்

மண்ணுக்குள் மறைந்திருக்கும் பொருள் என்றால் நம் பாட்டிமார் புதையல் கதையே சொல்வர். இன்று நம் வாசலின் கீழ் மறைந்திருப்பவை வேறு. கேபிள் எனப்படும் மின்வடம், குடிநீர்க் குழாய், தொலைபேசி வடம், கழிவுநீர்க் குழாய், சில ஊர்களில் எரிவாயுக் குழாய் ஆகியவை அங்கே கிடக்கின்றன. புதையலைத் தேடித் தோண்டியவன் ஏமாந்து வீடு திரும்புவான். இவற்றைத் தேடாமல் தோண்டியவன் வீடு திரும்பாமலே போகக்கூடும். ஆகவே, வேலிக்கால் நடவும், வாழைக்கன்று வைக்கவும், அடுக்களையை நீட்டிக் கட்டவும் மண்வெட்டியை எடுக்குமுன் அறிய வேண்டியவற்றை இங்கே காண்போம்.

பெற்றோரும் ஆசிரியரும் கூடி நம் பள்ளியில் கோத்தோங் ரோயோங் நடத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமையன்றுதான் இதனை எழுதும் எண்ணம் நமக்கு உண்டாயிற்று. பின்வேலிக்குக் குழிகள் தோண்டிக்கொண்டிருந்தோம். நான்காம் குழியில் இரண்டடி ஆழம் இறங்கியதும் கடப்பாரை எதிலோ மோதியது. "கல்லாத்தான் இருக்கும், ஓங்கிப் போடு" என்றார் ஒருவர். அருகில் நின்ற முதியவர், முன்னாளில் தோட்டத்து இயந்திர அறையில் வேலை பார்த்தவர், "நிறுத்துங்க தம்பி" என்று கையை உயர்த்தினார். குழியருகே குனிந்து மண்ணை மெல்ல விலக்கினார். உள்ளே செங்கற்கள் ஒரே வரிசையாகப் படுத்திருந்தன. "கல்லு தானா வரிசை பிடிக்காதுப்பா. நாங்கதான் அடுக்கினோம்" என்றார் அவர். அச்செங்கற்களுக்குக் கீழே கறுத்த மின்வடம் ஒன்று ஓடிற்று. பயனற்றுப் போன பழைய வடம் என்றே பலரும் கருதினோம். உரிமம் பெற்ற மின்பணியாளர் வந்து சோதித்தபோதுதான், பள்ளியின் நீரேற்றிக்கு மின்சாரம் அதன் வழியே செல்வது தெரியவந்தது. கடப்பாரையைப் பிடித்திருந்தவர் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தந்தை. அவள் அப்போது தேநீர்த் தட்டுடன் குழியருகே நின்றுகொண்டிருந்தாள்.

அந்த வடம் எந்த அலுவலகத்து வரைபடத்திலும் இல்லை. இதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் 1949இல் மத்திய மின்சார வாரியம் தோன்றியது. அது 1965இல் தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் மாறிற்று. அதன் பணி 1990இல் தெனாகா நேஷனல் நிறுவனத்திடம் வந்தது. பொது மின்சாரம் எட்டாத காலத்தில் தோட்டங்கள் பல தமக்கென இயந்திரம் வைத்து விளக்கேற்றின. அவ்வாறு தோட்டம் தானே பதித்த வடங்களைப் பொது நிறுவனத்தின் ஏடுகளில் தேடிப் பயனில்லை. அவற்றின் வரைபடம், அன்று பள்ளம் வெட்டிய தொழிலாளர்களின் நினைவிலேயே உள்ளது. அவர்களுள் பலர் இன்று முதுமையடைந்துவிட்டனர். பழைய தோட்ட நிலத்தில் குடியிருப்போர் முதலில் கேட்க வேண்டியது அவர்களையே என்பது நம் கருத்து.

நகர்ப்புற வீடுகளிலும் இத்தகைய இடைவெளி உண்டு. பொதுவாக மீட்டர் வரையில் உள்ள வழி நிறுவனத்தினுடையது. அதற்கு அப்பால் உள்ளது வீட்டுக்காரருடையது. வாயிற்கதவு மோட்டாருக்கும் தோட்ட விளக்கிற்கும் முந்தைய உரிமையாளர் பதித்த கம்பியை நிறுவனத்தின் படம் காட்டாது.

எனினும் படங்களைக் கேட்டுப் பெறுவதே முதற்படி. மின்சாரம், நீர், தொலைபேசி, எரிவாயு ஆகியவற்றை வழங்குவோரிடமும் நகராண்மைக் கழகத்திடமும் வேலைக்குப் பல நாள் முன்னதாகவே விசாரிக்க வேண்டும். நம் நாட்டு நிலஅளவைத் துறையான ஜூப்பெம், நிலத்தடி வழிகளை வரைபடமாக்குவதற்கான நெறிமுறையை 2006இல் வெளியிட்டது. அதில் தகவலின் தரம் நான்கு படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பழைய ஏடுகளைப் பார்த்து வரைந்தது கடைசிப் படி. மேற்பரப்பில் தெரியும் மூடிகளையும் மீட்டர்களையும் அளந்து ஒப்பிட்டது அதற்கு மேற்படி. கருவியால் கண்டறிந்தது அதற்கும் மேல். தோண்டிக் கண்ணால் கண்டு அளந்ததே முதற்படி. காகிதத்தில் வரைந்த கோட்டை எவ்வளவு நம்பலாம் என்பதை இதனின்றும் உணரலாம்.

படம் கையில் வந்தபின் நிலத்தை நடந்து பார்க்க வேண்டும். மின்கம்பத்திலிருந்து வடம் மண்ணுக்குள் இறங்குகிறதா? தாரில் நீண்ட ஒட்டு தெரிகிறதா? புல்தரை ஒரே கோடாகத் தாழ்ந்துள்ளதா? இவை எல்லாம் பழைய பள்ளத்தின் அடையாளங்கள். ஆழத்தை மட்டும் ஊகிக்க வேண்டா. வடங்கள் பெரும்பாலும் அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் ஆழத்தில் பதிக்கப்படுகின்றன. ஆயினும் பின்னர் எவரேனும் மேட்டை வெட்டிச் சமன் செய்திருந்தால் அதே வடம் ஒரு சாண் ஆழத்திலேயே கிடக்கும்.

இனி, மாணவர்கள் விரும்பும் பகுதிக்கு வருவோம். மண்ணுக்குள் இருப்பதைக் கருவி எவ்வாறு அறிகிறது? மின்னோட்டம் செல்லும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதை டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஓர்ஸ்டெட் 1820இல் கண்டார். மாறும் காந்தப்புலம் கம்பிச்சுருளில் மின்னோட்டத்தை எழுப்பும் என்பதை 1831இல் பாரடே நிறுவினார். வடம் காட்டும் கருவி இவ்விரு உண்மைகளின் பிள்ளையே. நம் நாட்டு மின்னோட்டம் வினாடிக்கு 50 முறை ஊசலாடுகிறது. அதன் காந்தப்புலம் மண்ணைக் கடந்து மேலே வருகிறது. கருவியிலுள்ள சுருள் அதனை வாங்கி ஒலியாக எழுப்புகிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இதனை அறியாமல் கருவியை நம்பியோர் ஏமாந்துள்ளனர். காந்தப்புலத்தை உண்டாக்குவது ஓடும் மின்னோட்டமே. விளக்கு, விசிறி அனைத்தையும் நிறுத்திவிட்டால் வடத்தில் மின்னோட்டம் இராது. மின்னழுத்தமோ அப்படியே இருக்கும். கருவி மௌனமாகும், தொட்டவனை வடம் கொல்லும். மேலும், ஒரே வடத்தில் போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றன் புலத்தை மற்றொன்று பெரிதும் அழித்துவிடுகின்றன. ஆகையால் பயிற்சி பெற்றோர், தனியான ஓர் அலையை வடத்தில் ஏற்றி, அவ்வலையைப் பின்தொடர்ந்து செல்கின்றனர்.

நெகிழிக் குழாயில் இம்முறை பலிக்காது. அதற்கு மண்ணுக்குள் வானொலி அலையைச் செலுத்தி எதிரொலியை வாங்கும் ராடார் கருவி உண்டு. உலர்ந்த மணலில் அது நன்கு வேலை செய்யும். ஈரக் களிமண்ணோ அவ்வலையை விரைவில் விழுங்கிவிடும். மழைக்காலத்தில் கிள்ளான் கரையோரத் தோட்டத்து மண்ணை மிதித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஆகவே, இறுதியில் சோதனைக் குழிதான். அடையாளமிட்ட இடத்தின் நேர்மேலே குத்தாமல், சற்று விலகித் தொடங்கிப் பக்கவாட்டில் நெருங்க வேண்டும். மண்வெட்டியை மெல்லச் செலுத்த வேண்டும்; கடப்பாரையும் கொந்தாலியும் அருகே ஆகா. செங்கல், கல்பலகை, வண்ண நாடா இவற்றுள் எது தென்பட்டாலும் நிறுத்த வேண்டும். அண்டை நாடான சிங்கப்பூரில் மின்வடப் படம், உரிமம் பெற்ற வடம் கண்டறிவோர், சோதனைக் குழி ஆகிய மூன்றும் மண்வேலைக்குமுன் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. உயர் அழுத்த வடத்தைச் சேதப்படுத்துவோருக்குப் பத்து இலட்சம் வெள்ளி வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் அங்கே உண்டு.

தவறி வெட்டிவிட்டால்? வீட்டுக்கு வருவது 230 வோல்ட். சாலையோர வடத்தில் 11,000 வோல்ட் இருக்கக்கூடும். சிக்கிய கருவியை இழுத்தெடுக்கக் கூடாது. யாவரையும் விலக்கிவிட்டுத் தெனாகாவின் 15454 எண்ணை அழைக்க வேண்டும். மண்வாரி இயந்திரத்தில் இருப்பவர், தீப்பற்றினாலன்றி, இருக்கையை விட்டு இறங்கலாகாது. எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவை உணர்த்தவே துர்நாற்றம் சேர்க்கின்றனர். அந்நாற்றம் வீசினால் இயந்திரத்தை நிறுத்தி, காற்று வரும் திசை நோக்கி விலகிச் சென்ற பின்னரே கைத்தொலைபேசியை எடுக்க வேண்டும். சுபாங் ஜெயாவின் புத்ரா ஹைட்ஸ் பகுதியில் 2025 ஏப்ரல் 1ஆம் நாள் எரிவாயுக் குழாய் வெடித்து எழுந்த தீயை நாம் மறந்திருக்க மாட்டோம். அது தோண்டியதால் நேர்ந்ததன்று. குழாயைத் தாங்கிய மண் உறுதியிழந்ததே காரணம் என்றது விசாரணை அறிக்கை. ஆயினும் காலடியில் எத்துணை ஆற்றல் அடங்கியுள்ளது என்பதை அன்று யாவரும் கண்டோம்.

சிறு கீறல்தானே என்று மண்ணைத் தள்ளி மூடுவோரும் உளர். ஏச்சுக்கு அஞ்சிச் செய்யும் செயல் அது. அக்கீறலின் வழியே ஈரம் புகுந்து, மாதங்கள் கழித்து வடம் பழுதாகும். அப்போது அங்கே நிற்பவர் வேறொருவர்.

நம் பள்ளிப் பின்வேலியின் நான்காம் கம்பத்தை மூன்றடி தள்ளி நட்டோம். அம்முதியவரை நாற்காலியில் அமர்த்தி, அவர் சொல்லச் சொல்ல ஆறாம் ஆண்டு மாணவர்கள் வடம் செல்லும் வழியைக் கோடிட்டுப் படமாக வரைந்தனர். ஒரு படி அலுவலகத்தில் உள்ளது. மற்றொன்று நீரேற்றி அறையின் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது. வேலி ஏன் அங்கே வளைந்து செல்கிறது என்று புதிதாக வருவோர் இன்னமும் கேட்கின்றனர்.