பின்பக்கக் கண்ணாடி உடைந்தால்: பழுதும் பணமும்

புனே மாவட்டத்தின் தளேகாவ் என்றவுடன் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது வாகனத் தொழில். 2008இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கு உற்பத்தியைத் தொடங்கியது. 2020 இறுதியில் நிறுத்தியது. அந்த ஆலையை வாங்குவதற்கு ஹூண்டாய் நிறுவனம் 2023 ஆகஸ்டில் ஒப்பந்தம் செய்துகொண்டது. அருகிலுள்ள சாகணில் மெர்சிடிஸ்-பென்ஸ் கார்கள் பொருத்தப்படுகின்றன. கார்க் கண்ணாடி செய்யும் செயின்ட்-கோபேன் செக்யூரிட் ஆலையும் அங்கேயே உள்ளது.

ஆனால் தளேகாவுக்கும் கண்ணாடிக்குமான உறவு இவற்றையெல்லாம் விடப் பழையது. அந்தாஜி தாமோதர் காளே தொடங்கிய ‘பைசா நிதி’ மக்களிடம் பைசா பைசாவாகப் பணம் திரட்டியது. லோகமான்ய திலகரின் ஆதரவுடன் வளர்ந்த அந்நிதியைக் கொண்டு 1908இல் தளேகாவில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. கண்ணாடித் தொழிலை வெளிநாட்டில் பயின்று வந்த ஈசுவர்தாஸ் வார்ஷ்ணேய் அதற்குத் துணைநின்றார். சிறுசேமிப்பு ஒரு தொழிலாக உருவெடுத்த வரலாறு அது.

இவ்விதழில் நாம் எடுத்துக்கொள்ளும் பாடமும் கண்ணாடியையும் சேமிப்பையும் ஒருங்கே தொடுவதுதான். விலையுயர்ந்த எஸ்.யு.வி. ஒன்றின் பின்பக்கச் சன்னல் கண்ணாடி உடைந்துவிட்டால், அதை எவ்வாறு மாற்றுவது? செலவைக் காப்பீட்டில் கோருவதா, கைப்பணத்தில் முடிப்பதா? இக்கேள்விகளுக்கு அவசரத்தில் விடை தேடுபவர்கள் பெரும்பாலும் இழப்பையே சந்திக்கின்றனர். ஆகவே அமைதியான வேளையில் இதனைப் படித்துவைப்பது நன்று.

உடைந்தது எந்தக் கண்ணாடி?

‘பின்பக்கக் கண்ணாடி’ என்று பொதுவாகச் சொன்னாலும் அது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். முதலாவது, பின்கதவில் ஏறி இறங்கும் கண்ணாடி. இரண்டாவது, அதே கதவின் மூலையில் அசையாமல் நிற்கும் சிறு துண்டு. மூன்றாவது, கதவுக்கும் பின்னால், பொருள் வைக்கும் பகுதியை ஒட்டி உடலோடு பசையால் ஒட்டப்பட்டிருக்கும் ‘குவார்ட்டர் கிளாஸ்’. முதலாவதை மாற்றக் கதவின் உள்தட்டைக் கழற்றினால் போதும். மூன்றாவதற்குப் பழைய பசையை அறுத்தெடுத்துப் புதிய பசையிட்டு ஒட்டவேண்டும். அளவில் சிறிதாயினும் வேலையில் பெரிது அதுவே. சில மாதிரிகளில் வானொலிக்கான ஆன்டெனாக் கம்பிகள் இக்கண்ணாடியிலேயே பதிக்கப்பட்டிருக்கும். விளிம்பு ரப்பரும் கண்ணாடியோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். சிறு கண்ணாடிக்குப் பெருவிலை சொல்லப்படுவதன் காரணங்களுள் இவையும் அடங்கும்.

அடுத்து, கண்ணாடியின் வகை. பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் ‘டெம்பர்டு’ என்னும் பதப்படுத்திய கண்ணாடியால் ஆனவை. 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கிய கண்ணாடியின் மீது காற்றை வேகமாகப் பாய்ச்சிக் குளிரவைப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உட்பகுதி பிறகு சுருங்கும். இதனால் மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் நிலைத்துவிடுகின்றன. இந்தச் சமநிலையே அதன் வலிமை. அடி உட்பகுதிவரை இறங்கிவிட்டால் சமநிலை முழுவதும் குலைந்து, கண்ணாடி மழுங்கிய முனை கொண்ட சிறுமணிகளாக உதிர்ந்துவிடும். எனவே இதற்கு ஒட்டுவேலை என்பது கிடையாது. பதப்படுத்திய பின் அறுக்கவோ துளையிடவோ இயலாது என்பதால், வேறொரு கண்ணாடியை வெட்டிப் பொருத்துவதும் நடவாது. மாற்றுவது ஒன்றே வழி.

மற்றொரு வகை ‘லேமினேட்டட்’ கண்ணாடி. இரு தகடுகளுக்கு இடையே நெகிழித் தாள் வைத்து ஒட்டியது இது. 1903இல் பிரெஞ்சு வேதியியலாளர் எதுவார் பெனடிக்டஸ், கீழே விழுந்த குடுவை ஒன்று விரிசல் கண்டும் சிதறாமல் இருப்பதைக் கவனித்தார். அதனுள் காய்ந்து படிந்திருந்த படலமே காரணம் என்று உணர்ந்ததிலிருந்து இவ்வகை பிறந்தது. முன்கண்ணாடிகள் இவ்வகையே. வெளியோசையைக் குறைக்கும் பொருட்டு உயர்விலைக் கார்கள் சிலவற்றில் பக்கக் கண்ணாடிகளும் இவ்வாறு அமைக்கப்படுகின்றன. லேமினேட்டட் இருந்த இடத்தில் மலிவான டெம்பர்டு கண்ணாடியைப் பொருத்தினால் ஓசை கூடும், பாதுகாப்பும் மாறும். உடையாத மறுபக்கக் கண்ணாடியின் மூலையில் அச்சிட்டுள்ள குறிப்பைப் படம் எடுத்துவைத்துக்கொண்டால் ஐயம் தீரும்.

முதல் ஒரு மணி நேரம்

உடைந்த நிலையிலேயே உள்ளும் புறமும் படம் எடுக்கவேண்டும். பொருள் களவு போயிருந்தால் காவல் நிலையத்தில் புகார் அளித்து ஒப்புகை பெறவேண்டும். காருக்குள் வைத்திருந்த மடிக்கணினி, பை போன்ற தனிப்பொருள்களுக்கு வாகனக் காப்பீடு பொறுப்பேற்பதில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

பிறகு திறப்பை நெகிழித் தாளால் மூடவேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மாவள் வட்டாரத்தில் மழைக்காலம் கடுமையானது. ஓரிரவு மழை போதும், இருக்கையும் மின்னணுக் கருவிகளும் நனைந்துபோகும். காப்பீட்டு நிபந்தனை இங்கேதான் குறுக்கிடுகிறது. வாகனத்தைப் பாதுகாக்க நியாயமான எல்லா ஏற்பாடுகளையும் உரிமையாளர் செய்யவேண்டும். தேவையான பழுதைப் பார்க்காமல் வாகனத்தை ஓட்டுவதால் பெருகும் சேதம் அவருடைய பொறுப்பே என்று வாகனப் பாலிசியின் பொது நிபந்தனைகள் கூறுகின்றன. கண்ணாடிக்கான கோரிக்கை ஏற்கப்பட்டாலும், மூடாமல் விட்டதால் நனைந்த கருவிகளுக்கான கோரிக்கை மறுக்கப்படலாம். நூறு ரூபாய்த் தாள் ஒன்று பெரும் இழப்பைத் தடுக்கும் என்பது மிகையன்று.

காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தகவல் தரவேண்டும். கோரிக்கை வைப்பதா என்று முடிவாகாத நிலையில், தகவல் தருவதே கோரிக்கையாகப் பதிவாகுமா என்பதைக் கேட்டுத் தெளிவதும் நலம். காப்பீட்டில் கோர எண்ணினால், நிறுவனத்தின் பார்வையிடலுக்கு முன்னர் பழுதைத் தொடங்கக்கூடாது.

காப்பீட்டுக் கணக்கு

வாகனப் பாலிசியில் உதிரிபாகங்களுக்குத் தேய்மானம் கழிக்கப்படும். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம். கண்ணாடிக்கு மட்டும் தேய்மானம் இல்லை. கார் எத்தனை ஆண்டு பழையதாயினும் இதுவே நிலை. ஆகவே கண்ணாடி உடைந்த கோரிக்கையில் ‘ஜீரோ டெப்ரிசியேஷன்’ என்னும் கூடுதல் காப்பால் வரும் பயன் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களின் அளவுக்கே. இதைத் தவிர, 1500 சி.சி.க்கு மேற்பட்ட தனியார் கார்களுக்குக் கட்டாயக் கழிவாக ரூ.2,000 உரிமையாளரின் பங்காகும்.

இதுவரை எளிது. கவனிக்கவேண்டியது ‘நோ கிளெய்ம் போனஸ்’. கோரிக்கையின்றிக் கழியும் ஆண்டுகளுக்கேற்ப, சொந்தச் சேதப் பிரிவின் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் எனத் தள்ளுபடி படிப்படியாக உயரும். ஒரே ஒரு கோரிக்கை அதனைச் சுழியத்துக்கு இறக்கிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். எண்கள் விளக்கத்துக்காகக் கொண்டவை. ஒருவரது எஸ்.யு.வி.க்குத் தள்ளுபடிக்கு முந்திய சொந்தச் சேதப் பிரீமியம் ரூ.80,000. இப்போது அவருக்கு 35 சதவீதத் தள்ளுபடி உள்ளது. குவார்ட்டர் கிளாஸ் மாற்ற மொத்தம் ரூ.40,000: கண்ணாடி ரூ.30,000, ரப்பர் பிளாஸ்டிக் பாகங்கள் ரூ.4,000, கூலி ரூ.6,000. பாகத் தேய்மானம் ரூ.2,000, கட்டாயக் கழிவு ரூ.2,000 போக, காப்பீட்டில் கிடைப்பது ரூ.36,000.

கோராமலிருந்தால் அடுத்த புதுப்பித்தலில் அவருக்கு 45 சதவீதத் தள்ளுபடி, அதாவது ரூ.36,000 கிடைக்கும். கோரினால் ஒன்றும் இல்லை. முதல் ஆண்டிலேயே வரவும் இழப்பும் சமமாகிவிட்டன. அதற்கடுத்த ஆண்டுகளில் 50க்கு 20, 50க்கு 25, 50க்கு 35, 50க்கு 45 எனத் தள்ளுபடி வேறுபாடு தொடரும். பிரீமியம் மாறாதிருப்பதாகக் கொண்டால், ஐந்து ஆண்டுகளில் மொத்த இழப்பு ரூ.96,000. கார் பழையதாக ஆக அதன் காப்பீட்டு மதிப்பும் பிரீமியமும் குறையும் என்பதால் உண்மையான இழப்பு இதைவிடச் சற்றுக் குறையலாம். எனினும் ரூ.36,000 பெறுவதற்காக அதனினும் பெரிய தொகையை இழப்பதே இதில் மிஞ்சும்.

இதே காரில் கண்ணாடியோடு கதவும் வண்ணப்பூச்சும் சேதமுற்று, செலவு ரூ.1,50,000 ஆகுமானால் கணக்கு தலைகீழாகும், கோருவதே அறிவுடைமை. தள்ளுபடியைக் காக்கும் கூடுதல் காப்பு பாலிசியில் இருந்தாலும் கோரலாம். ஆகவே நாம் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது இதுதான்: பழுதுச் செலவின் மதிப்பீடும் பாலிசியின் பிரீமியப் பட்டியலும் அருகருகே இருக்கும்போதே முடிவெடுக்கவேண்டும். பட்டறையில் நின்றுகொண்டு, மேலாளரின் சொல்லை மட்டும் கேட்டு முடிவெடுக்கக்கூடாது.

சட்டம் சொல்லும் அளவு

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆம் விதிப்படி, முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவீதமும் ஒளியை உள்ளே விடவேண்டும். வெளிநாட்டுச் சந்தைக்கான எஸ்.யு.வி.க்கள் பலவற்றில் பின்பக்கக் கண்ணாடி மிகக் கருமையாக இருக்கும். விலை குறைவு என்று அத்தகைய இறக்குமதிக் கண்ணாடியை வாங்கிப் பொருத்தினால் இந்திய விதியை மீற நேரலாம். 17 எழுத்துகள் கொண்ட சேசிஸ் எண்ணைக் கொடுத்து, இந்திய மாதிரிக்கான பாக எண்ணை எழுத்தில் பெறுவதே சரியான முறை. கண்ணாடியின் மீது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை உள்ளதா என்றும் பார்க்கவேண்டும். சாலை வாகனப் பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 2553, இரண்டாம் பகுதி.

பொருத்தும்போது பார்க்கவேண்டியவை

உதிர்ந்த மணிகள் கதவின் அடியிலும், நீர் வடியும் துளைகளிலும், இருக்கைப் பட்டை சுருளும் பெட்டியிலும் தங்கும். அவற்றை உறிஞ்சி எடுக்காமல் புதுக்கண்ணாடியைப் பொருத்தினால், கதவைச் சாத்தும்போதெல்லாம் ஓசை கேட்கும்; துளை அடைபட்டு நீர் தேங்கி, துருவும் பிடிக்கும். பல எஸ்.யு.வி.க்களில் கூரையோரத்தில் திரைபோல் விரியும் காற்றுப்பை உண்டு. உள்தட்டைக் கழற்றுபவர் அதனை அறிந்தவராக இருக்கவேண்டும்.

ஒட்டுக் கண்ணாடிக்குப் பாலியூரித்தேன் பசை பயன்படுகிறது. அது காற்றின் ஈரத்தை உண்டு இறுகுவது. ஆனால் ஒட்டும் பரப்பு உலர்ந்தும் தூய்மையாகவும் இருக்கவேண்டும். ஆகவே மழைக்காலத்தில் இப்பணியைக் கூரையின் கீழேயே செய்விக்கவேண்டும். பசையின் காலாவதித் தேதியைப் பார்க்கலாம். எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு வண்டியை எடுக்கலாம் என்பதை, பசைத் தயாரிப்பாளரின் குறிப்பின்படி கேட்டறியவேண்டும். அதற்கு முன் மும்பை–புனே விரைவுச்சாலையில் வேகமாகச் செல்வது ஒட்டைத் தளர்த்தும்.

வண்டியைப் பெறுமுன் நீர் பாய்ச்சிக் கசிவு பார்ப்பதும், ஆன்டெனா வேலை செய்கிறதா என்று வானொலியை இயக்கிப் பார்ப்பதும், பாக எண் குறித்த ஜி.எஸ்.டி. ரசீதும் எழுத்திலான உத்தரவாதமும் பெறுவதும் உரிமையாளரின் கடமை.

வங்கிக் கடன் உள்ள வாகனம்

கடனில் வாங்கிய வாகனம் வங்கிக்கு ஈடாக உள்ளது. பதிவுச் சான்றிலும் காப்பீட்டிலும் வங்கியின் பெயர் இருக்கும். கண்ணாடி மாற்றுவது போன்ற பழுதுக்கு இது தடையன்று. ஆயினும் கடன் தீரும்வரை முழுமையான காப்பீட்டைத் தொடர்வது கடன் ஒப்பந்தத்தின் பகுதி. போனஸ் போய்விட்டதே என்று சொந்தச் சேதப் பிரிவைக் கைவிட்டு, மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டும் எடுப்பது ஒப்பந்தத்துக்கு முரணாகும். காலாவதியான நாளிலிருந்து 90 நாள்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்ந்த போனசும் போய்விடும்.

கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் எழுத்தில் முறையிடலாம். அங்கும் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. புனேயிலும் அந்த அலுவலகம் உள்ளது.

கைப்பணத்தில் முடிப்பதே இலாபம் என்று கணக்குச் சொன்னாலும், கையில் பணம் இருந்தால்தான் அந்த இலாபம் கிட்டும். மாதம் ரூ.2,000 தொடர் வைப்பில் செலுத்தினால், 20 மாதங்களில் நம் எடுத்துக்காட்டின் ரூ.40,000 வட்டி நீங்கலாகவே சேர்ந்துவிடும். அதுவரை தேவை எழுந்தால், நிலை வைப்பின் மீது கடன் பெறுவது கடன் அட்டையில் பாக்கி வைப்பதைவிட மிகவும் மலிவு. வாகனத்தின் மாதத் தவணையைத் திட்டமிடும்போதே, அதன் பழுதுக்கான இந்தச் சிறு தொகையையும் சேர்த்துத் திட்டமிடுவோம். பாலிசி நகல், பிரீமியப் பட்டியல், சேசிஸ் எண், நான்கு பக்கக் கண்ணாடிகளின் குறிப்புப் படங்கள் ஆகிய இந்நான்கையும் இவ்வாரமே கைப்பேசியில் ஒரே கோப்பில் சேர்த்துவைப்போம்.