எந்த செஸ் என்ஜின் வலியது? முடிவு சொல்லும் முன் சரிபார்க்க வேண்டியவை

இரண்டு செஸ் என்ஜின்களை மோதவிட்டால் 55–45 என்று ஒன்று முந்துகிறது. அதையே வலியது என்று சொல்லிவிடலாமா? சொல்ல முடியாது. எந்த நிபந்தனையில், எத்தனை ஆட்டங்களில் முந்தியது என்று முதலில் பார்க்க வேண்டும்.

நிபந்தனை எவ்வளவு முக்கியம் என்பதற்கு டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஸீரோ என்ற என்ஜின் நல்ல உதாரணம். 2017 டிசம்பரில் டீப்மைண்ட் வெளியிட்ட முடிவில், அது ஸ்டாக்ஃபிஷ் 8 என்ற என்ஜினை 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 டிரா என்று தோல்வியே இல்லாமல் வீழ்த்தியிருந்தது. ஆனால் 64 த்ரெட்களில் ஓடிய ஸ்டாக்ஃபிஷுக்கு, அலசிய நிலைகளைச் சேமிக்கும் ஹாஷ் நினைவகம் 1 ஜிபி மட்டுமே. நகர்வுக்கு ஒரு நிமிடம் என்று வரையறுத்ததால், சிக்கலான நிலையில் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும் அதன் திறனும் முடங்கியது. கடும் விமர்சனம் எழுந்தது. 2018-இல் சயன்ஸ் இதழில் வந்த சோதனையில் ஸ்டாக்ஃபிஷுக்கு 44 கோர், 32 ஜிபி ஹாஷ், ஆளுக்கு 3 மணி நேரமும் நகர்வுக்கு 15 நொடி கூடுதலும் தரப்பட்டன. 1000 ஆட்டங்களில் 155 வெற்றி, 6 தோல்வி. வென்றது ஆல்ஃபாஸீரோதான். ஆனால் வலிமையை அளக்கும் எலோ கணக்கில் சுமார் 100 புள்ளியாக இருந்த இடைவெளி இந்தச் சோதனையில் சுமார் 52.

வீட்டில் சோதிப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. இரு என்ஜின்களுக்கும் ஒரே கணினி, ஒரே த்ரெட் எண்ணிக்கை, ஒரே ஹாஷ் அளவு கொடுங்கள். ஒரே நேரத்தில் பல ஆட்டங்களை ஓட்டினால், அவை பயன்படுத்தும் மொத்த த்ரெட்கள் உண்மையான கோர்களின் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. மடிக்கணினி சூடேறினால் வேகம் குறையும், அதையும் பாருங்கள்.

2. எதிராளியின் நேரத்தில் யோசிக்கும் பாண்டர் வசதியை அணைத்துவிடுங்கள். ஒரே கணினியில் அது மற்ற என்ஜினின் கோர்களைப் பிடுங்கிக்கொள்ளும்.

3. ஒவ்வொரு ஓப்பனிங்கையும் நிறம் மாற்றி இரண்டு முறை ஆடவையுங்கள். வலிமையான என்ஜின்கள் சமநிலைத் தொடக்கத்தில் பெரும்பாலும் டிரா செய்யும். ஒரு பக்கம் சற்றே சாய்ந்த ஓப்பனிங்குகள் வித்தியாசத்தைத் தெளிவாகக் காட்டும்.

4. ஆட்டங்களைக் கூட்டுங்கள். பாதி ஆட்டங்கள் டிரா ஆகின்றன என்று வைத்துக்கொண்டால், 100 ஆட்டங்களில் பிழை வரம்பு கூட்டியும் குறைத்தும் சுமார் 50 எலோ, 1000-இல் 15, 10,000-இல் 5. உங்கள் 55–45 என்பது வெறும் 35 புள்ளி முன்னிலை. அது தற்செயலாகவும் வரலாம்.

ஜிபியுவில் (கிராபிக்ஸ் செயலியில்) ஓடும் லீலா என்ற என்ஜினையும் சிபியுவில் ஓடும் ஸ்டாக்ஃபிஷையும் எப்படிச் சமப்படுத்துவது? இதற்கு எல்லோரும் ஏற்கும் விடை இல்லை. நொடிக்கு எத்தனை நிலைகளை அலசுகின்றன என்பதும் அளவுகோல் ஆகாது: 2018 சோதனையில் ஆல்ஃபாஸீரோ சுமார் 60,000 நிலைகளையே பார்த்தது, ஸ்டாக்ஃபிஷ் 6 கோடி. வன்பொருளின் விலையையோ மின்செலவையோ சமமாக்கலாம். எதைச் சமமாக்கினீர்கள் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே அறிவித்துவிடுங்கள்.

ரேட்டிங் பட்டியல்களிலும் எச்சரிக்கை வேண்டும். என்ஜின்களுக்கான சி.சி.ஆர்.எல். பட்டியலில் ஸ்டாக்ஃபிஷ் 3600-ஐத் தாண்டும். மனித வீரரான மேக்னஸ் கார்ல்சனின் உச்சம் 2882. இரண்டும் தனித்தனிக் கூட்டத்துக்குள் கணக்கிட்டவை. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்ப்பதில் பொருளில்லை.

முடிவை வெளியிடும்போது வன்பொருள், நேரக் கட்டுப்பாடு, ஹாஷ், ஓப்பனிங் தொகுப்பு, ஆட்ட எண்ணிக்கை, பிழை வரம்பு ஆகிய ஆறையும் சேர்த்தே எழுதுங்கள். இவை இல்லாத ரேட்டிங்கை நம்பாதீர்கள்.