இதய மருந்தும் உங்கள் குடலும்

உயர் இரத்த அழுத்தம், நெஞ்சுவலி, இதயப் படபடப்பு ஆகியவற்றுக்காக மூத்தோர் பலர் அட்டெனோலோல், பிசோப்ரோலோல், புரோப்ரனோலோல் போன்ற ‘பீட்டா தடுப்பு’ மருந்துகளை உட்கொள்கின்றனர். புரோஸ்டேட் சுரப்பி பெரிதாகிச் சிறுநீர் கழிக்கச் சிரமப்படும் ஆண்களுக்கு, டாம்சுலோசின் போன்ற ‘ஆல்ஃபா தடுப்பு’ மருந்துகள் தரப்படுகின்றன. இம்மருந்துகள் சிலருக்குக் குடலின் இயக்கத்தையும் மாற்றக்கூடும்.

குடலில் என்ன நடக்கிறது?

குடற்சுவரில் உள்ள தசை தானாகவே சுருங்கி விரிந்து உணவை நகர்த்துகிறது. ஒரு வகை நரம்பு இந்த வேலையை விரைவுபடுத்தும். மற்றொரு வகை மெதுவாக்கும். மெதுவாக்கும் நரம்புகள் நோரட்ரினலின் என்னும் பொருளை வெளியிடுகின்றன. அது குடலின் தசையிலும் நரம்புகளிலும் உள்ள ஆல்ஃபா, பீட்டா ஏற்பிகளில், பூட்டில் சாவி பொருந்துவதுபோல் பொருந்திக் குடலைத் தளர்த்துகிறது.

தடுப்பு மருந்து அந்தப் பூட்டை அடைத்துக்கொள்கிறது. குடலை மெதுவாக்கும் கட்டுப்பாடு குறைவதால், சிலருக்கு வயிறு கலங்கி மலம் இளகிப் போகலாம். வேறு சிலருக்கு மலச்சிக்கல் ஏற்படலாம். பலருக்கு எந்த மாற்றமும் தெரியாது.

ஏன் கவனம் தேவை?

வயிற்றுப்போக்கால் உடலில் நீர் குறைந்தால், இரத்த அழுத்தம் மேலும் இறங்கும். எழுந்து நிற்கும்போது தலைசுற்றிக் கீழே விழ நேரிடலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• மருந்தை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். பீட்டா தடுப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியோ மாரடைப்போ ஏற்படலாம்.
• மாற்றம் எந்த நாளில் தொடங்கியது என்பதைக் குறித்து வையுங்கள்.
• நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் அல்லது மருந்தாளரிடம் காட்டுங்கள். நீரிழிவுக்கான மெட்ஃபோர்மின் போன்ற வேறு மருந்தும் காரணமாக இருக்கலாம்.
• அவர்களைக் கேட்காமல் வயிற்றுப்போக்கு மருந்தோ பேதி மருந்தோ வாங்கிச் சாப்பிடாதீர்கள்.
• தண்ணீர், கஞ்சி போன்றவற்றை அடிக்கடி அருந்துங்கள். நீரின் அளவைக் குறைக்கும்படி உங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தால், முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.
• படுக்கையில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்து, பிறகு மெதுவாக எழுந்திருங்கள்.

எப்போது உடனே உதவி நாட வேண்டும்?

வயிற்றுப்போக்கு ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ, மலம் கருநிறமாகப் போனாலோ, அன்றே மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலி வந்தால் அல்லது மயங்கி விழுந்தால் 995 என்ற எண்ணை அழையுங்கள்.

மருந்தின் அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ மருத்துவரால் முடியும். வயிற்றுப் பிரச்சினையைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.