இசைக்கல்வியில் முதுகலை, கிறிஸ்தவப் பார்வையோடு: தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறோம், ஆலயத்தில் பாடகர் குழுவை நடத்துகிறோம். இதையே முறையாக மேற்படிப்பாகப் படிக்க முடியுமா என்று கேட்பவர்கள் நம் வட்டாரத்தில் உண்டு. முடியும். வாருங்கள், ஒவ்வொரு படியாகப் போவோம்.

என்ன படிப்பு?

இசைக்கல்வி முதுகலை நம்மைப் பெரிய வித்துவானாக்கும் படிப்பு அல்ல. பிள்ளைகள் இசையை எப்படிக் கற்கிறார்கள், பாடத்திட்டத்தை எப்படி அமைப்பது, கற்றதை எப்படி மதிப்பிடுவது, ஆய்வை எப்படிச் செய்வது என்பவைதான் இதன் உள்ளடக்கம். இவற்றோடு, யாருக்காகப் பாடுகிறோம், சபையின் ஜெபத்தில் பாட்டுக்கு என்ன இடம் என்ற கேள்விகளையும் சேர்த்துக் கேட்பதே கிறிஸ்தவப் பார்வை. இரண்டும் ஒரே பட்டத்தில் கிடைப்பது அரிது. அங்கீகாரமுள்ள இசைக்கல்விப் பட்டத்தை எடுத்துக்கொண்டு, ஆய்வுத் தலைப்பில் நம் விசுவாசத்தைக் கொண்டுவருவதுதான் என் பரிந்துரை.

முதலில் கேள்வி, பிறகு பல்கலைக்கழகம்

பலர் விண்ணப்பப் படிவத்திலிருந்து தொடங்குகிறார்கள். நாம் கீர்த்தனைப் புத்தகத்திலிருந்து தொடங்குவோம். பாட்டின் தலைப்பில் ராகமும் தாளமும் அச்சாகியிருக்கும். தோட்டத்துச் சபையில் வளர்ந்த ஒரு பாட்டியை அதே பாட்டைப் பாடச் சொல்லுங்கள். காந்தாரத்திலிருந்து மத்திமத்துக்கு அவர் குரல் வழுக்கிக்கொண்டு ஏறும். இன்றைய கீபோர்டில் அந்த வழுக்கல் இல்லை. ஒரு கட்டை, அடுத்த கட்டை, அவ்வளவுதான். பிள்ளைகள் கீபோர்டைக் கேட்டே பாடப் பழகுகிறார்கள். அந்த அசைவை அவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது? இது ஓர் ஆய்வுக்குப் போதுமான கேள்வி. ரப்பர் தோட்டங்கள் போய், குடும்பங்கள் தாமான்களுக்குச் சிதறிவிட்டதால் அவசரமான கேள்வியும்கூட.

இந்த வழியில் நமக்கு முன்னோடிகள் உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக இசையில் கிறிஸ்தவப் பாடல்களை இயற்றினார். ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரும் இசையாய்வு நூலை வெளியிட்டார். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டுகளை ஆராதனைக்குக் கொண்டுவந்தார். இம்மூவரைப் படித்த பிறகு ஆய்வு முன்மொழிவை எழுதுங்கள். அதன் தரமே வேறாக இருக்கும்.

எங்கே?

நமக்கு அருகில் இருப்பது தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், உப்சி. 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997-இல் பல்கலைக்கழகமானது. இசைக்கும் நிகழ்கலைகளுக்கும் தனிப்புலம் உண்டு. ஈப்போவிலிருந்து இடிஎஸ் ரயிலில் போய் வரலாம்.

கர்நாடக இசையில் ஆழமாக இறங்க விரும்பினால், திருச்சியில் கத்தோலிக்கர் நடத்தும் கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி இருக்கிறது. இறையியல் அடிப்படை வேண்டுமானால் சிரம்பானில் உள்ள மலேசிய இறையியல் கல்லூரியை விசாரியுங்கள்.

எப்படிச் சேருவது?

பொதுவாக இளங்கலையில் 2.50 சிஜிபிஏ கேட்பார்கள். 2.00-க்கும் 2.50-க்கும் இடையில் இருந்தால், அந்தத் துறையில் ஐந்தாண்டு அனுபவம் கைகொடுக்கும். இளங்கலைப் பட்டமே இல்லையா? 30 வயதைத் தாண்டி, எஸ்டிபிஎம் அல்லது டிப்ளோமாவும் தொடர்புடைய அனுபவமும் இருந்தால், ஏப்பெல் என்ற முன்னனுபவ மதிப்பீட்டு வழி உண்டு. பாடகர் குழுவை நடத்திய ஆண்டுகளுக்கு ஆயரிடம் கடிதம், நிகழ்ச்சி நிரல்கள், ஒலிப்பதிவுகள் எல்லாவற்றையும் இப்போதே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

அடுத்து, மேற்பார்வையாளரைத் தேடுங்கள். ஒரே பக்கத்தில் கேள்வி, யாரைப் பதிவு செய்யப் போகிறோம், எதைக் கற்பிக்கப் போகிறோம் என்று எழுதி அனுப்பினால் போதும். ஆய்வேட்டை எந்த மொழியில் எழுதலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

எவ்வளவு?

கட்டண அட்டவணையைப் பல்கலைக்கழகத்திலிருந்தே வாங்குங்கள். அதில் பதிவுக் கட்டணத்தையும் பருவக் கட்டணத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். பகுதிநேரப் படிப்பு செலவைப் பரப்பும், ஆனால் கூடுதல் பருவங்கள் கூடுதல் கட்டணம். ரயில், தங்குமிடம், நல்ல ஒலிப்பதிவுக் கருவி ஆகியவை கணக்கில் விடுபடுகிற செலவுகள்.

ஊழியர் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து கல்விக்காகப் பணம் எடுக்கலாம். வேலை செய்துகொண்டே முதுகலை படிப்பவருக்கு, எந்தத் துறையானாலும், சொந்தக் கல்விக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வருமானவரிக் கழிவு உண்டு. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். சபையிடம் உதவி கேட்கத் தயங்க வேண்டாம். சபைக்கான வேலையைத்தானே செய்கிறோம்.

கவனம்

இறையியல் கல்லூரிப் பட்டம் அரசுப் பள்ளி வேலைக்குச் செல்லும் என்று நாமாக எண்ணிக்கொள்ளக் கூடாது. பணம் கட்டும் முன் மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் படிப்பின் பெயரைத் தேடுங்கள். வெளிநாட்டுப் பட்டமானால் அங்கீகாரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பெரியவர்களின் பாட்டைப் பதிவு செய்யும் முன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறி அனுமதியும் அவர்களுடைய ஒப்புதலும் வேண்டும். எதற்காகப் பதிவு செய்கிறோம், யார் கேட்பார்கள் என்பதைத் தமிழில் விளக்கிக் கையொப்பம் வாங்குங்கள். பதிவின் ஒரு பிரதியை அந்தக் குடும்பத்திடமே கொடுத்துவிடுங்கள்.