இழை மாறினாலும் சுவை மாறாத பாட் தாய்



ஓர் உணவிலிருந்து ஒரு பொருளை நீக்க விரும்புபவர், அப்பொருள் அவ்வுணவில் என்னென்ன வேலைகளைச் செய்துவந்தது என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். அதை அறியாமல் நீக்கினால், கிடைப்பது பழைய உணவின் பெயரைத் தாங்கிய வேறொரு பண்டமாகவே இருக்கும். தாய்லாந்து உணவகங்களில் பலரும் பார்சலாக வாங்கிச் செல்லும் பாட் தாய் என்னும் நூடுல்ஸை, மாவுச்சத்து குறைந்த உணவாக வீட்டில் சமைக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

தாய் மொழியில் ‘பாட்’ என்பது வாணலியில் கிளறி வதக்குவதைக் குறிக்கும். நூடுல்ஸும் அதை வதக்கும் முறையும் சீனர் வழியாக அந்நாட்டுக்கு வந்தவை. 1939ஆம் ஆண்டில் சயாம் என்னும் பெயர் தாய்லாந்து என மாற்றப்பட்ட காலத்தில் பிரதமராக இருந்த பிபுன் சொங்க்ராமின் அரசு, நாட்டுப்பற்றை வளர்க்கும் முயற்சிகளின் ஒரு பகுதியாக நூடுல்ஸ் உண்பதையும் ஊக்குவித்தது. அதன் பின்னரே இவ்வுணவு நாட்டின் அடையாளமாக வளர்ந்தது. தட்டையான அரிசி நூடுல்ஸ், புளிக்கரைசல், பனைவெல்லம், மீன் சாறு, முட்டை, இறால், டோஃபு எனப்படும் சோயாக் கட்டி, முளைப்பயறு, வறுத்த நிலக்கடலை ஆகியவை இதில் சேரும் பொருள்கள். மீன் சாறு என்பது நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்பிட்டு, பல மாதங்கள் புளிக்கவைத்து வடித்தெடுக்கும் உவர்ப்பான நீர்மம் ஆகும்.

கார்போஹைட்ரேட் என்பது மாவுச்சத்து, சர்க்கரை, நார்ச்சத்து ஆகிய மூன்றையும் உள்ளடக்கிய பொதுச்சொல்லாகும். இவற்றுள் மாவுச்சத்து செரிமானத்தின்போது குளுக்கோஸாக உடைந்து இரத்தத்தில் கலக்கிறது. நார்ச்சத்தோ சிறுகுடலில் செரிக்கப்படாமல் கடந்துவிடுகிறது. உலர்ந்த அரிசி நூடுல்ஸில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 80 கிராம் கார்போஹைட்ரேட் உள்ளது என்பதால், ஒருவர் உண்ணும் தட்டில் நூடுல்ஸின் பங்கே 65 முதல் 80 கிராம் வரை ஆகிவிடும். இதனோடு முடிந்துவிடுவதில்லை, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையில் சுமார் 12 கிராம் கார்போஹைட்ரேட் இருப்பதாலும், புளியின் சதையில் பாதிக்கும் மேற்பட்ட எடை கார்போஹைட்ரேட்டாகவே இருப்பதாலும், நூடுல்ஸை மட்டும் மாற்றிவிட்டு, புளியும் வெல்லமும் சேர்ந்த சாற்றை மறந்தவரின் கணக்கு பிழையாகவே முடியும்.

நூடுல்ஸ் இவ்வுணவில் மூன்று வேலைகளைச் செய்கிறது: வயிற்றை நிரப்புகிறது, பல்லுக்கு இழுவைத்தன்மை தருகிறது, சாற்றை உறிஞ்சித் தன் மேற்பரப்பில் ஒட்டவைத்துக்கொள்கிறது. இம்மூன்றாவது வேலையைச் செய்வது இழைகளிலிருந்து வெளிவரும் மாவுச்சத்தே ஆகும். சாற்றிலுள்ள நீரைப் பிடித்து அதைக் கெட்டிப்படுத்துவதும் அதுதான். மாவுச்சத்து இல்லாத இழையைப் பயன்படுத்துபவரின் பாட் தாய் தட்டில் நீர் தேங்கி நிற்பதற்கு இதுவே காரணம்.

மாற்று இழைகளுள் பாட் தாய்க்கு நெருங்கி வருவது, ஜப்பானில் ஷிராத்தாக்கி எனப்படும் கொன்யாக்கு நூடுல்ஸ் ஆகும். கொன்யாக்கு, நம் சேனைக்கிழங்கின் பேரினத்தைச் சேர்ந்த செடி. அதன் கிழங்கிலுள்ள குளுக்கோமன்னன் என்னும் நார்ச்சத்தை நீரில் கரைத்து, சுண்ணாம்பு நீர் போன்ற காரப்பொருளைச் சேர்த்துச் சூடாக்கும்போது அது உறைந்து, மீண்டும் உருகாத இழையாகிறது. இவ்விழையின் எடையில் ஏறத்தாழ 97 விழுக்காடு நீரும், எஞ்சியதில் பெரும்பகுதி நார்ச்சத்துமே என்பதால், இரத்தத்தில் சேரும் சர்க்கரை மிகக் குறைவு. ஆயினும் பொட்டலத்தைத் திறந்தவுடன் வீசும் மீன்வாடை போன்ற மணம், அதை அடைத்து வைத்துள்ள காரநீரிலிருந்து வருவதால், இழையை ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, கொதிநீரில் 2 முதல் 3 நிமிடம் வேகவிட்டு, வடித்து, எண்ணெய் இல்லாத சூடான வாணலியில் நீர் வற்றி இழைகள் கீச்சொலி எழுப்பும்வரை வறுத்தெடுக்க வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டால், பின்னர் எவ்வளவு மசாலா சேர்த்தாலும் பயனில்லை.

கொன்யாக்கு கிடைக்காதவர் காய்களை நாடலாம். சீமைச் சுரைக்காயான சுக்கினியை நீள இழைகளாகச் சீவினால் 100 கிராமுக்குச் சுமார் 3 கிராம் கார்போஹைட்ரேட்டே உள்ளது. ஆனால் அதன் எடையில் 95 விழுக்காடு நீர் என்பதால், உப்புத் தூவி 20 நிமிடம் வைத்துப் பிழிந்து, கடைசி ஒரு நிமிடம் மட்டுமே வாணலியில் இட வேண்டும். மெல்லிதாக நறுக்கிய முட்டைக்கோஸும், இவ்வுணவில் ஏற்கெனவே இடம்பெற்றுள்ள நீண்ட முளைப்பயறும் எளிதில் கிடைப்பவை. கொன்யாக்கு கிடைப்பவரும், கீழே தரும் அளவுகளில் முளைப்பயற்றை இரு மடங்காக்கி, கொன்யாக்கைப் பாதியாக்கினால் மொறுமொறுப்பும் இழுவையும் ஒருங்கே கிடைக்கும்.

இருவருக்கு வேண்டிய அளவு வருமாறு: வறுத்தெடுத்த கொன்யாக்கு நூடுல்ஸ் 400 கிராம், இறால் 150 கிராம், கெட்டியான டோஃபு 100 கிராம், முட்டை 2, முளைப்பயறு 100 கிராம், வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி, ஒன்றிரண்டாகப் பொடித்த வறுத்த நிலக்கடலை 2 மேசைக்கரண்டி. சாற்றுக்குக் கெட்டியான புளிக்கரைசல் 1 மேசைக்கரண்டி, மீன் சாறு 2 மேசைக்கரண்டி, பனைவெல்லம் 1 தேக்கரண்டி, மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி ஆகியவற்றைக் கலந்துகொள்ள வேண்டும். வெல்லத்தை முற்றிலும் நீக்கி இனிப்பூட்டிகளை இடுவோர், அவை சர்க்கரையைப் போலச் சாற்றுக்குப் பாகுத்தன்மையும் பளபளப்பும் தருவதில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். சிறிதளவு உண்மையான வெல்லமும், குறைந்த புளிக்கு ஈடாக இறுதியில் பிழியும் எலுமிச்சையும் சுவையின் சமநிலையைக் காக்கின்றன. மீன் உண்ணாதோர் சோயா சாற்றை அதே அளவில் பயன்படுத்தி, இறாலுக்குப் பதிலாக டோஃபுவைக் கூட்டிக்கொள்ளலாம்.

சமைக்கும்போது, வாணலியின் சூடு தணியாதிருக்க ஒரு முறைக்கு ஒருவருக்கு உரிய அளவை மட்டுமே இட வேண்டும். அளவு மிகுந்தால் பொருள்கள் வதங்காமல் தம் நீரிலேயே வெந்துவிடும். சூடான எண்ணெயில் இறாலை வதக்கித் தனியே எடுத்து வைத்து, டோஃபுவைப் பொன்னிறமாக்கி, அதன்மேல் நூடுல்ஸையும் சாற்றையும் சேர்த்து, சாறு வற்றி இழைகளைப் பூசிக்கொள்ளும்வரை கிளற வேண்டும். பிறகு அனைத்தையும் ஓரமாக ஒதுக்கி, நடுவில் முட்டையை உடைத்து ஊற்றி, அது பாதி உறைந்த நிலையில் கலந்துவிட்டால், மாவுச்சத்து செய்துவந்த பிணைக்கும் வேலையை முட்டை ஏற்றுக்கொள்கிறது. இறுதியில் இறால், முளைப்பயறு, வெங்காயத்தாள் ஆகியவற்றைச் சேர்த்து அரை நிமிடம் புரட்டி இறக்க, மேலே தூவும் கடலைப்பொடி எஞ்சிய ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. நார்ச்சத்தை நீக்கிக் கணக்கிட்டால், ஒருவருக்கு ஏறத்தாழ 10 முதல் 15 கிராம் கார்போஹைட்ரேட்டே சேரும்.

இம்முறை அனைவருக்கும் கட்டாயமானதன்று. வளரும் வயதில் நலத்தோடு இருப்பவருக்கு அரிசி நூடுல்ஸ் பகையில்லை. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர், மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்ட பின்னரே உணவுமுறையை மாற்ற வேண்டும். கொன்யாக்கு இழைகள் எளிதில் அறுபடாதவை என்பதால், அவற்றைச் சிறிதாக நறுக்கி, நன்றாக மென்று உண்பது நலம்.

வீட்டில் நீரிழிவு உள்ள ஒருவர், மற்றவர்கள் பார்சலைப் பிரிக்கும்போது விலகி அமர வேண்டியிருந்தால், இளம் வாசகர் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி இதைச் சமைத்துப் பார்க்கட்டும். முதல் முறை சாறு சற்று நீர்த்துப்போனால், அடுத்த முறை இழையை இன்னும் சிறிது நேரம் வறுக்கட்டும்.